காக்கப்பட்ட இரகசியமும் காக்கப்படாத உயிரும்

பிறரிடம் சொல்லக் கூசுவதைச் சொல்வதற்காகவே ஒருவர் உளச்சிகிச்சையாளரை நாடுகின்றார். உடல்நோயைக் கருவிகள் கொண்டு அறியலாம். உளநோயையோ பெரிதும் நோயாளியின் வாய்மொழி கொண்டே அறிதல் வேண்டும். கேட்டது வெளியே செல்லாது என்னும் நம்பிக்கை இல்லாதவிடத்து அவ்வாய்மொழி பிறவாது. எனவே, இரகசியம் பேணல் உளச்சிகிச்சையில் வெறும் நாகரிகமன்று. சிகிச்சையே அதன்மீதுதான் நிற்கின்றது. ஆயின், அவ்வாறு சொல்லப்படும் இரகசியம் மூன்றாம் ஒருவரின் உயிரைப் பற்றியதாயின் சிகிச்சையாளர் செய்யத்தக்கது யாது?

இவ்வினா கற்பனையில் எழுந்ததன்று. 1969 ஆம் ஆண்டிலே, அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில், இந்தியாவிலிருந்து சென்று உயர்கல்வி கற்ற மாணவன் ஒருவன் பல்கலைக்கழக மருத்துவமனையில் உளச்சிகிச்சை பெற்று வந்தான். தன் காதலை ஏற்காத இளம்பெண் ஒருத்தியைக் கொல்லப்போவதாக அவன் சிகிச்சையாளரிடம் கூறினான். பெயரைக் கூறாதபோதும் அவள் யாரென அறிதல் எளிதாகவே இருந்தது. சிகிச்சையாளர் வளாகப் பொலிசாருக்கு அறிவித்தார். பொலிசார் அவனைத் தடுத்துவைத்து விசாரித்தனர். தெளிந்த அறிவுடையவனாகக் காணப்பட்டமையால், அப்பெண்ணை அணுகுவதில்லை என்ற வாக்குறுதியைப் பெற்று விடுவித்தனர். மேலதிக நடவடிக்கை வேண்டாமென மருத்துவமனையின் உளமருத்துவத் தலைவரும் பணித்தார். அவன் சிகிச்சைக்கு வருவதை நிறுத்திக்கொண்டான். அவ்வேளை வெளிநாட்டில் இருந்த அப்பெண்ணுக்கோ அவளுடைய பெற்றோருக்கோ எவரும் எதுவும் கூறவில்லை. அவள் திரும்பிவந்தபின், 1969 ஒக்டோபர் 27 ஆம் நாள் அவன் அவளைக் கொன்றான்.

பெற்றோர் தொடுத்த வழக்கு, அவர்தம் குடும்பப் பெயரால் தராசொவ் வழக்கு எனப்படுகின்றது. ஆபத்துக்குள்ளானவரை எச்சரிக்கும் கடமை சிகிச்சையாளருக்கு உண்டு எனக் கலிபோர்னிய உயர் நீதிமன்றம் 1974 இல் தீர்ப்பளித்தது. வழக்கை மீண்டும் ஆராய்ந்து 1976 இல் வழங்கிய தீர்ப்பிலே அக்கடமையை விரித்து, அவரைக் காப்பதற்கு நியாயமான முயற்சி எடுக்கும் கடமை என வகுத்தது. பொதுமக்களுக்கு ஆபத்துத் தொடங்குமிடத்தில் இரகசியத்தின் பாதுகாப்பு முடிவடைகின்றது என்பதே நீதியரசர் தொப்றினர் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பின் சாரம். நீதியரசர் கிளார்க் இதனை மறுத்தார். இரகசியம் உறுதியற்றதாயின் சிகிச்சை தேவையானோர் வாராதொழிவர், வந்தோரும் மனந்திறவார், அதனால் வன்முறை குறையாது, பெருகவே கூடும் என்பது அவர் வாதம்.

மறுப்புரை எளிதில் தள்ளிவிடத்தக்கதன்று. கோபத்திற் கூறப்படும் கொலைச்சொற்களுட் பெரும்பாலானவை செயலாவதில்லை. எது செயலாகும் என உறுதியாக முன்னறிதல் உளவியலாளர்க்கும் அரிது. ஒவ்வொரு கடுஞ்சொல்லும் பொலிசாரிடம் போகுமாயின், சிகிச்சை அறை விசாரணைக் கூடமாகிவிடும். 1985 இல் கலிபோர்னியா இயற்றிய சட்டம், இனங்காணத்தக்க ஒருவர்மீது கடும் வன்முறை புரியப்போவதாக நோயாளி தெரிவித்த நிலைமைக்கு இப்பொறுப்பை வரையறுத்தமையும், டெக்சாஸ் உயர் நீதிமன்றம் 1999 இல் எச்சரிக்கும் கடமையை ஏற்க மறுத்தமையும் இவ்விடர்ப்பாட்டின் விளைவுகளே.

எனினும், இவ்வழக்கை இரகசியத்துக்கும் உயிருக்கும் இடையிலான போராட்டமாக மட்டும் காண்பது பொருந்தாது. பேர்க்லியில் இரகசியம் காக்கப்படவில்லை. அது பொலிசாருக்குச் சொல்லப்பட்டுவிட்டது. சொல்லப்படாது விடப்பட்டவள், அதை அறிய யாரினும் உரிமையுடையவளாயிருந்த ஒருத்தியே. சிகிச்சையின் நம்பிக்கையும் குலைந்தது, உயிரும் காக்கப்படவில்லை. அதிகாரமுடையவருக்கு அறிவித்ததோடு கடமை தீர்ந்தது என எண்ணும் மனப்பாங்கே ஈண்டு நோக்கற்பாலது. ஒருவர் மற்றவரிடம் பொறுப்பை ஒப்படைக்க, அவர் வேறொருவரிடம் ஒப்படைக்க, ஈற்றில் எவரிடமும் பொறுப்பு எஞ்சவில்லை.

அறமுடிவு என்பது விதியொன்றைத் தேடிக் கண்டு அதன்பின் ஒதுங்கிக்கொள்வதன்று. அறையில் இல்லாதவரையும் அறையில் இருப்பவராகக் கருதி, அவருக்கும் விடைசொல்லக் கடமைப்பட்டவராய் முடிவெடுப்பதே அறமுடிவாகும். நோயாளியின் முகம் சிகிச்சையாளருக்குத் தெரியும். அவன் துயரம் தெரியும். ஆபத்துக்குள்ளானவரின் முகமோ தெரியாது. தெரிந்த முகத்தின்பால் இரக்கம் இயல்பாகவே செல்லும். தெரியாத முகத்தின்பால் அதனைச் செலுத்துவதற்கே அறம் தேவைப்படுகின்றது.

அவ்வாறாயின் நோயாளிக்கு நீதி எங்ஙனம்? இரகசியத்தின் எல்லையைச் சிகிச்சையின் தொடக்கத்திலேயே அவருக்கு வெளிப்படையாகக் கூறுதலே வழி. ஒப்பொக்கிராத்தின் பெயரால் வழங்கும் பண்டைய மருத்துவச் சத்தியமும் கேட்டவை அனைத்தையும் மறைக்கக் கோரவில்லை. வெளியே பேசத்தகாதவற்றையே மறைக்கக் கோருகின்றது. எல்லையைக் கேட்டுச் சிலர் வாய்திறவாது போதல் கூடும். அது உண்மையான இழப்பே. ஆயினும், எல்லையை மறைத்துப் பெறும் நம்பிக்கை நம்பிக்கையன்று, அது ஏமாற்று. ஆபத்து நேருமிடத்தும் முதலில் நோயாளியோடு பேசுதல், அனுபவமுடைய சக சிகிச்சையாளரைக் கலந்தாலோசித்தல், சிகிச்சையைத் தீவிரப்படுத்தல், வேண்டியதை மட்டும் வேண்டியவருக்கு மட்டும் கூறுதல் என்னும் படிகள் உள. நோயாளியைக் கைவிடாது இன்னொருவரைக் காக்க முயல்வதே அவற்றின் நோக்கம்.

இவை யாவும் செய்த பின்னரும் முடிவு பிழைக்கலாம். எச்சரித்தபின் எதுவும் நிகழாது, நோயாளி மட்டும் வீணே அவமானப்படலாம்; எச்சரியாதபோது ஓருயிர் போகலாம். இவ்விரண்டும் ஒத்த இழப்புகள் அல்ல. குலைந்த நம்பிக்கையை மீண்டும் கட்டியெழுப்பக் காலம் உண்டு. போன உயிருக்கு அக்காலம் இல்லை. ஐயம் நீங்காதவிடத்துச் சிகிச்சையாளருக்குத் துணையாவது இவ்வேறுபாடு ஒன்றே.