மதமல்ல என்று சொல்லும் உரிமை

"கிறிஸ்தவம் மதமல்ல, மார்க்கம்." தமிழ்ச் சபைகளின் பிரசங்கங்களில் அடிக்கடி ஒலிக்கும் வாக்கியம் இது. சடங்குகளால் மீட்பு இல்லை, இயேசுவோடு கொள்ளும் உறவாலேயே மீட்பு என்பது அதன் உட்பொருள். ஒரு விசுவாசி இதைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதில் பிழையில்லை. மற்றவர்முன் இதையே தனிச்சிறப்பாக நிறுத்துவது நேர்மையாகுமா?

ஞானஸ்நானம், திருவிருந்து, 325ஆம் ஆண்டின் நீசேயா சங்கத்தில் வேர்கொண்ட விசுவாசப் பிரமாணம், குருமார், திருநாள்கள் என மதத்துக்குரிய எல்லாமே கிறிஸ்தவத்தில் உண்டு. பிற நெறிகளை எந்த அளவுகோலால் மதம் என்கிறோமோ, அதே அளவுகோலில் இதுவும் மதம்தான். தன் பக்தி உயிருள்ள உறவு, அடுத்தவர் பக்தி வெறும் சடங்கு என்று பிரிப்பது நியாயமல்ல. காரைக்கால் அம்மையாரும் ஆண்டாளும் சடங்கையா நாடினார்கள்?

ஆனாலும் இந்த வாக்கியத்தை முற்றாகத் தள்ளிவிட முடியாது. இருபதாம் நூற்றாண்டில் இதற்கு ஆழம் தந்தவர்கள் இருவர். மதம் என்பதே அவநம்பிக்கைதான் என்று சுவிஸ் இறையியலாளர் கார்ல் பார்த் 1938இல் எழுதினார். அந்தத் தீர்ப்பு முதலில் கிறிஸ்தவர்களையே சேரும் என்றும் சொன்னார். நாஜிகளை எதிர்த்துச் சிறைப்பட்ட ஜெர்மன் இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர், 1944இல் பெர்லினின் டேகல் சிறையிலிருந்து எழுதிய கடிதங்களில் மதமற்ற கிறிஸ்தவத்தைப் பற்றிச் சிந்தித்தார். சபை தன் சொத்துகளை ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும், பிறருக்காகவே வாழ வேண்டும் என்பது அவர் கேட்டது. 1945 ஏப்ரல் 9 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள். இருவர் வாயிலும் 'மதமல்ல' என்ற சொல் தன்னைத் தானே கண்டிக்கும் சொல்லாக இருந்தது.

அதே ஜெர்மனியில் அந்தச் சொல் வேறு விதமாகவும் பயன்பட்டது. பவேரிய மாநில அரசு 2018 ஜூன் 1 முதல் அரசு அலுவலகங்களின் நுழைவாயிலில் சிலுவை மாட்ட ஆணையிட்டது. அது மதச் சின்னமல்ல, பண்பாட்டு அடையாளம் என்று முதலமைச்சர் மார்க்குஸ் சோடர் வாதிட்டார். அதைக் கண்டித்தவர்களில் மியூனிக் பேராயர் கர்தினால் ரைன்ஹார்ட் மார்க்ஸும் ஒருவர். சிலுவைகள் தொடரலாம் என்று 2023இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் சட்டம் அனுமதிப்பதெல்லாம் அறம் ஆகிவிடாது. மதம் என்று ஒப்புக்கொண்டால் அரசு எல்லா மதங்களையும் சமமாக நடத்தியாக வேண்டும். மதமல்ல என்று சொல்லிவிட்டால் அந்தக் கடமை நழுவிவிடுகிறது. பிற நம்பிக்கையினருக்கு இது அநீதி. சிலுவையில் இறந்தவரை வட்டாரப் பெருமையின் சின்னமாகச் சுருக்குவதால் கிறிஸ்தவர்களுக்கும் இது அவமதிப்பு.

ஆகவே சட்டத்தின்முன்னும் அண்டை அயலார்முன்னும் கிறிஸ்தவம் ஒரு மதம். மற்ற மதங்களுக்குள்ள உரிமைகளும் வரம்புகளும் அதற்கும் உண்டு. 'மதமல்ல' என்று சொல்ல விரும்பும் கிறிஸ்தவர் அதைத் தன் சபையின் செல்வத்தையும் அதிகாரத்தையும் பார்த்துச் சொல்லட்டும். பக்கத்து வீட்டாரின் வழிபாட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டாம்.