தீமை செயலிலா, மனிதரிலா? ஆங்கிலத்தின் ‘ஈவில்’ என்னும் சொல் குறித்து

ஆங்கிலத்தில் ஒரு செயலைக் கண்டிக்கப் பல சொற்கள் உண்டு. தவறு, கெட்டது, கொடூரம் ஆகியவற்றுக்குத் தனித்தனிச் சொற்கள் இருந்தும், அவை எல்லாம் போதாமற்போகும் இடத்தில் அம்மொழி பேசுவோர் எடுத்தாள்வது ‘ஈவில்’ என்ற சொல்லை. கணக்கர் ஒருவர் பணத்தைக் கையாடினால் அது தவறு. முதலாளி ஒருவர் தொழிலாளியை அடித்தால் அது கொடுமை. ஓர் இனத்தையே அழிப்பதற்காக ரயில் வண்டிகளுக்கு நேர அட்டவணை வகுத்தவரின் செயலுக்கோ இவை போதா என்பது மட்டுமல்ல, அங்கே இவற்றை வழங்குவதே மாண்டவர்களைச் சிறுமைப்படுத்துவதாகிவிடும். அத்தகைய செயலைச் சுட்ட ஒரு சொல் எந்த மொழிக்கும் தேவை. ஆனால் அச்சொல் செயலைவிட்டு நகர்ந்து, அதைச் செய்தவரின் இயல்புக்கே பெயராக மாறும்போது வேறொரு வினா எழுகிறது. ஒரு மனிதரை, ஒரு நாட்டை, ஒரு குழந்தையை அச்சொல்லால் அழைப்பது முறையா என்பதே அது.

இவ்வளவு கனம் அச்சொல்லுக்குத் தொடக்கத்தில் இருந்ததில்லை. பழைய ஆங்கிலத்தில் அது நல்லதற்கு எதிரான எல்லாவற்றையும் குறித்தது. நோய், துன்பம், கேடு, குற்றம் அனைத்தும் அதில் அடங்கின. கழுத்தில் கட்டிகளாகப் புடைக்கும் கண்டமாலை நோயை அரசர் தொட்டால் குணமாகும் என்று இங்கிலாந்து மக்கள் நம்பிய காலத்தில், அந்நோய்க்கு வழங்கிய பெயரே ‘அரசரின் ஈவில்’ என்பதாகும். பின்னாளில் அகராதி தொகுத்துப் புகழ்பெற்ற சாமுவேல் ஜான்சன், 1712-இல் சிறு குழந்தையாக இருந்தபோது, அந்நோய்க்காக ஆன் அரசியின் கையால் தொடப்பட்டவர். நோயாளியைப் பழிக்கும் எண்ணம் அப்பெயரில் சிறிதும் இல்லை. நாளடைவில் அன்றாடக் கேடுகளைக் குறிக்கும் வேலையை வேறொரு சிறு சொல் ஏற்றுக்கொள்ள, ‘ஈவில்’ மெல்லமெல்ல அறம் சார்ந்த கண்டனத்துக்கு உரியதாக ஒதுங்கியது.

இந்தக் குறுகலைத் தெளிவாகக் காட்டுபவர் ஜெர்மானியத் தத்துவவாதி இம்மானுவேல் கான்ட். 1788-இல் வெளிவந்த தம் நூலில் அவர், லத்தீன் மொழி ஒரே சொல்லால் குறிப்பதை ஜெர்மன் மொழி இரண்டாகப் பிரிப்பதைப் பாராட்டிச் சொல்கிறார்: ஒன்று நமக்கு நேரும் துன்பம், மற்றொன்று நாம் மனமறிந்து புரியும் தீவினை. பல்வலி முன்னதைச் சேரும், பொய்ச்சாட்சி பின்னதைச் சேரும். இப்பிரிவு ஆங்கிலச் சொல்லில் இல்லாமையால்தான், அம்மொழியில் எழுதும் மெய்யியலார் ‘இயற்கைத் தீமை’ என்றும் ‘அறத் தீமை’ என்றும் அடைமொழி சேர்த்து விளக்க வேண்டியிருக்கிறது. நிலநடுக்கம், பஞ்சம், கொள்ளைநோய் ஆகியவை முதல் வகை. மனிதரின் விருப்பத்தால் விளைபவை இரண்டாம் வகை.

இவ்விரண்டையும் வெட்டிப் பிரித்த நிகழ்ச்சி என்று பலரும் சுட்டுவது போர்ச்சுகலின் தலைநகரான லிஸ்பனின் பேரழிவை. 1755 நவம்பர் 1, அனைத்துப் புனிதர் திருநாளன்று, மக்கள் தேவாலயங்களில் கூடியிருந்த வேளையில் அந்நகரம் நிலநடுக்கத்தாலும், அதைத் தொடர்ந்த கடற்கோளாலும் தீயாலும் அழிந்தது. இதனை இறைவனின் தண்டனை என்று போதகர்கள் சொல்ல, குழந்தைகள் செய்த குற்றம் யாது என்று பிரெஞ்சு எழுத்தாளர் வோல்தேர் கொதித்துக் கேட்டார். தத்துவவாதி ரூஸோ 1756-இல் அவருக்கு எழுதிய கடிதத்தில் எடுத்துரைத்தது இன்னும் கூர்மையானது: ஆறேழு மாடி வீடுகளை அவ்வளவு நெருக்கமாகக் கட்டியது இயற்கை அன்று, மனிதர்களே என்றார். பொறுப்பு வானத்திலிருந்து தரைக்கு இறங்கிய இடம் அது. அதன் பிறகு ‘ஈவில்’ என்ற சொல் படிப்படியாக, செய்தவர் ஒருவர் இருந்தாக வேண்டிய சொல்லாயிற்று. அது பெரும் அறிவு முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே முன்னேற்றம், செய்தவரைத் தேடும் கண்ணுக்கு அவர் உருவில் ஒரு பேயைக் காணும் வழியையும் திறந்துவிட்டது.

பொருளா, ஆளா என்ற இந்த ஐயம் கிறித்தவ மரபின் நடுவிலேயே இருக்கிறது. இயேசு கற்பித்த செபத்தின் இறுதி வேண்டுதலில் வரும் கிரேக்கச் சொல், இலக்கணப்படி அஃறிணையாகவும் ஆண்பாலாகவும் கொள்வதற்கு இடம் தருவது. தீமையிலிருந்து விடுவிக்குமாறு வேண்டுவதாகவும் அதைப் படிக்கலாம், தீயவனிடமிருந்து விடுவிக்குமாறு வேண்டுவதாகவும் படிக்கலாம். தமிழ் விவிலிய மொழிபெயர்ப்புகளும் இங்கே பிரிகின்றன. தீமை என்று ஒன்று சொல்ல, தீயோன் என்று மற்றொன்று சொல்கிறது. மரபின் பெரும் இறையியலாளரான அகுஸ்தீன், ஒளிக்கும் இருளுக்கும் நடக்கும் நிலையான போரே உலகம் என்று கற்பித்த மானி சமயத்தில் இளமையில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு வெளியேறியவர். அவர் வந்தடைந்த முடிவு, தீமைக்குத் தனி இருப்பு கிடையாது, அது நன்மையின் குறைவே என்பது.

இச்சொல்லையே கைவிட்டால் என்ன என்று கேட்போரும் உண்டு. ஜெர்மானியத் தத்துவவாதி நீட்சே 1887-இல் எழுதிய அறநெறிகளின் வரலாறு பற்றிய நூலில், வலியோரை எதிர்க்க இயலாத எளியோரின் உள்ளத்தில் தேங்கிய வன்மமே இச்சொல்லைப் பெற்றெடுத்தது என்றார். இக்கால ஐயவாதிகளின் வாதம் வேறு: இச்சொல் எதையும் விளக்குவதில்லை, விளக்கம் தேடும் முயற்சியை நிறுத்திவிடுகிறது, ஆகவே பேய்க்கதைகளோடு அதையும் விட்டுவிடலாம் என்பர். இவ்வாதத்தில் பாதி சரி. இச்சொல் விளக்கமாகாது. ஆனால் விளக்குவது மட்டுமா சொல்லின் பணி? அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் கிளாடியா கார்டு 2002-இல் முன்வைத்த வரையறை இதற்குத் தக்க விடையாக அமைகிறது. குற்றப்பொறுப்புடைய தவறான செயலிலிருந்து விளைவதும், விளையும் என்று முன்னரே உணரத்தக்கதும், தாங்கவொண்ணாததுமான தீங்கே அவர் வரையறையில் இச்சொல்லுக்கு உரியது. தீங்கு செய்தவரின் உள்ளத்தைத் துருவுவதை விட்டுப் பாதிக்கப்பட்டவரின் இழப்பிலிருந்து அளக்கத் தொடங்குவதே இவ்வரையறையின் சிறப்பு. அடிமை வாணிகத்தையும் சித்திரவதையையும் ‘பொருத்தமற்ற நடவடிக்கைகள்’ என்று அறிக்கைகளில் எழுதும் மொழி எத்தனை நேர்மையற்றது என்பதை எண்ணுவோர், இச்சொல்லை இழக்க ஒப்பமாட்டார்கள்.

செயலுக்கு இச்சொல் தேவை என்பதை ஏற்ற பிறகு, செய்தவரைப் பற்றிய வினா எஞ்சுகிறது. இதில் அரசியல் சிந்தனையாளர் ஹன்னா ஆரெண்ட் எழுதியதைத் தாண்டிச் செல்ல இயலாது. ஐரோப்பிய யூதர்களை வதைமுகாம்களுக்கு அனுப்பும் ஏற்பாடுகளை நடத்திய அடோல்ஃப் ஐக்மன், 1960 மே மாதம் அர்ஜென்டினாவில் பிடிக்கப்பட்டு, 1961 ஏப்ரல் 11 முதல் ஜெருசலேமில் விசாரிக்கப்பட்டார். 1944-இல் ஹங்கேரியிலிருந்து மட்டும் ஏறத்தாழ எட்டு வாரங்களில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் அவ்வாறு வதைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டனர், பெரும்பாலோர் ஆஷ்விட்ஸுக்கு. விசாரணையை நேரில் கண்ட ஆரெண்ட், கண்ணாடிக் கூண்டில் அரக்கன் ஒருவனைக் காணவில்லை. பதவி உயர்வை எண்ணிக்கொண்டும், தேய்ந்த தொடர்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டும், பிறர் நிலையிலிருந்து எண்ணிப்பார்க்க இயலாதவராகவும் இருந்த ஓர் அலுவலரையே கண்டதாக 1963-இல் எழுதினார். தீமையின் சாதாரணத்தன்மை என்று தமிழில் சொல்லத்தக்க தொடர் அவர் நூலின் துணைத் தலைப்பில் இடம்பெற்று உலகெங்கும் பரவியது. அதே ஆரெண்ட் 1951-இல் முழுமையாட்சி பற்றி எழுதியபோது வேரோடிய தீமை என்று பேசியவர். அதனைப் பின்னர் மாற்றிக்கொண்டு, தீமை எல்லையற்றுப் பரவலாம், ஆயினும் அதற்கு ஆழம் கிடையாது என்றார்.

அவர் ஐக்மனைத் தவறாகக் கணித்தார் என்பதற்கு இன்று வலுவான சான்று உண்டு. அர்ஜென்டினாவில் ஒளிந்திருந்த காலத்தில் ஐக்மன் தம் கூட்டாளிகளிடம் பேசிய ஒலிப்பதிவுகளையும் குறிப்புகளையும் ஆராய்ந்த பெட்டினா ஸ்டாங்நெத் 2011-இல் வெளியிட்ட நூல், ஐக்மன் வெறும் கட்டளைக்குப் பணிந்தவர் அல்லர், இனவெறிக் கொள்கையில் முழு நம்பிக்கை கொண்டிருந்தவர், நீதிமன்றத்தில் சிறு அலுவலராக நடித்தவர் என்று காட்டுகிறது. எனினும் இத்திருத்தம் ஆரெண்டின் மைய வாதத்தை வீழ்த்துவதில்லை. கொள்கை வெறியும் மனிதரிடம் வளர்வதே. அதை ஊட்டியவர்கள், அதற்குக் கைதட்டியவர்கள், சம்பளம் கொடுத்த அரசு, வண்டியோட்டிய ரயில் துறை என ஒரு சமூகமே பின்னால் நின்றது. ஐக்மனை மனித இனத்துக்குப் புறம்பான பிறவி என்று ஒதுக்கிவிட்டால் அந்தச் சமூகம் முழுவதும் விசாரணையிலிருந்து தப்பிவிடும்.

இங்கே மற்றொரு முரண்பாடும் உண்டு. ஒருவர் இயல்பிலேயே தீயவர், வேறுவிதமாக நடக்க அவரால் இயலாது என்றால், அவரைக் குற்றம் சாட்டும் உரிமையே நமக்கு இல்லாமற்போகிறது. பாம்பு கடித்ததற்காக அதன் மேல் வழக்குத் தொடுப்பார் இல்லை. கான்ட் இதனை நன்கு உணர்ந்திருந்தார். 1793-இல் அவர் வேரோடிய தீமை என்று பெயரிட்டது, அறவிதியினும் தன்னலத்தை முன்வைக்க விழையும் நாட்டத்தையே. அது எல்லா மனிதரிடமும் உள்ளது என்றும், தீமையைத் தீமைக்காகவே நாடும் பேயின் சித்தம் மனிதருக்கு இல்லை என்றும் அவர் சொன்னார். கடுமையான கண்டனத்தை விரும்புவோரே, ‘இயல்பில் தீயவர்’ என்ற பட்டத்தை முதலில் மறுக்க வேண்டும்.

அரசியலில் இப்பட்டம் எத்தனை விரைவில் ஒட்டவும் உரியவும் செய்கிறது என்பதற்கு இரண்டு சான்றுகள் போதும். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரொனால்ட் ரீகன் 1983 மார்ச் 8-இல் ஃபுளோரிடாவில் சோவியத் ஒன்றியத்தை இச்சொல்லால் சுட்டினார். 1988 மே மாதம் மாஸ்கோவில் அதைப் பற்றிக் கேட்டபோது, அது வேறொரு காலம் என்று விடை சொன்னார். ஐந்தே ஆண்டுகளில் மாறக்கூடியது இயல்பாக இருக்க முடியாது. அரசின் கொள்கையும் அதை நடத்தியவர்களும் மாறியிருந்தனர், 1987-இல் அணு ஏவுகணை ஒப்பந்தமும் கையெழுத்தாகியிருந்தது. பின்னாளில் அதே பதவியில் இருந்த ஜார்ஜ் டபிள்யூ. புஷ் 2002 ஜனவரி 29-இல் ஈராக், ஈரான், வடகொரியா மூன்றையும் இதே சொல்லால் ஒரே அச்சில் கட்டினார். அவற்றுள் முதலிரண்டும் 1980 முதல் 1988 வரை ஒன்றையொன்று கொன்று குவித்த பகைநாடுகள். அவை செய்த கொடுமைகளைத் தனித்தனியே பெயர்சொல்லிக் கண்டிப்பதற்கு அந்த உரையில் தடையேதும் இருந்ததில்லை. ஒரே சொல்லில் மூன்றையும் அடைத்தபோது பேச்சுவார்த்தைக்கு இருந்த இடமே குறைந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் ஈராக்கின் மீது படையெடுப்பு தொடங்கியது.

இச்சொல்லின் மிகக் கடினமான சோதனை குழந்தைகளைப் பற்றியது. 1993 பிப்ரவரியில், லிவர்பூலை அடுத்த பூட்டில் என்னும் ஊரின் கடைவளாகத்திலிருந்து, மூன்று வயதும் நிறையாத ஒரு சிறுவனைப் பத்து வயதுச் சிறுவர் இருவர் அழைத்துச்சென்று சித்திரவதை செய்து கொன்றனர். வயது வந்தோருக்கான நீதிமன்றத்தில் அவ்வாண்டு நவம்பரில் விசாரணை நடந்தது. தீர்ப்பு வழங்கிய நீதிபதி இச்சொல்லைப் பயன்படுத்தினார், ஆனால் அதைக் கொலைச் செயலின் மீது வைத்தார். நாளிதழ்கள் அதை எடுத்துச் சிறுவர்களின் மீது வைத்தன. நீதிபதி பரிந்துரைத்த குறைந்தபட்சத் தண்டனைக்காலம் எட்டு ஆண்டுகள். 2,70,000-க்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட மனுவுக்கும் ஒரு நாளிதழ் நடத்திய இயக்கத்துக்கும் பிறகு, உள்துறை அமைச்சர் அதைப் பதினைந்து ஆண்டுகளாக உயர்த்தினார். அந்த முடிவு சட்டத்துக்குப் புறம்பானது என்று 1997-இல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் விளங்கிய பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. விசாரணையே நியாயமாக நடக்கவில்லை என்று 1999-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் கண்டது.

மகனை இழந்த தாய் எந்தச் சொல்லைச் சொன்னாலும் அவரைத் திருத்த யாருக்கும் உரிமை இல்லை. அவர் துயரம் வேறு, அரசும் பத்திரிகையும் பேசும் பேச்சு வேறு. பின்னவற்றுக்குத் தண்டிக்கும் வலிமையும் மக்களைத் திரட்டும் வலிமையும் உண்டு என்பதால் சொல்லடக்கமும் கடமையாகிறது. விடுதலைக்குப் பின் நடந்தது இதற்கு வலுச்சேர்க்கிறது. 2001-இல் புதிய பெயர்களுடன் இருவரும் விடுவிக்கப்பட்டனர். ஒருவர் குழந்தைகளைப் பாலியல் வதைக்கு உள்ளாக்கும் படங்களை வைத்திருந்ததற்காக மீண்டும் சிறை சென்றார். மற்றவர் மீது வெளியுலகம் அறிந்த குற்றம் எதுவும் இல்லை. ஒரே செயல், ஒரே பட்டம், இருவேறு வாழ்க்கை. பட்டம் எதையும் முன்னறியவில்லை.

இதே போன்ற ஒரு துயரத்தை வேறொரு நாடு வேறுவிதமாக எதிர்கொண்டது. 1994 அக்டோபரில் நார்வேயின் ட்ரோண்ட்ஹைம் நகரில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி, ஆறு வயதை ஒட்டிய சிறுவர்களால் தாக்கப்பட்டுப் பனியில் கிடந்து இறந்தாள். அந்நாட்டில் குற்றப்பொறுப்புக்கான வயது 15. நார்வே நாளிதழ்கள் சிறுவர்களின் பெயர்களை வெளியிடவில்லை. அவர்கள் மழலையர் பள்ளிக்குத் திரும்பினர், உளவியலாளர்கள் உடனிருந்தனர். இங்கிலாந்துச் சிறுவர்களைவிட இவர்கள் நான்கு வயது இளையவர்கள் என்பதால் இரண்டு வழக்குகளையும் தராசில் நேருக்கு நேர் வைப்பது சரியாகாது. ஆயினும் நடந்தது கொடுமை என்பதை மறைக்காமலேயே, செய்தவர்களைப் பேய்களாக்காமல் ஒரு சமூகம் துயரத்தைச் சுமக்க முடியும் என்பதை அது காட்டியது. இங்கிலாந்தும் அந்த வழியையே தேர்ந்திருக்க வேண்டும். ஸ்காட்லாந்து 2019-இல் இயற்றிய சட்டத்தின் வழியாகக் குற்றப்பொறுப்பின் வயதை எட்டிலிருந்து பன்னிரண்டாக உயர்த்தியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அது இன்னும் பத்தாகவே இருக்கிறது.