பூட்டும் சாவியும்

எங்கள் திண்டுக்கல்லுக்குப் பெயர் வாங்கித் தந்தது பூட்டு. தனக்குரிய சாவிக்கன்றி நல்ல பூட்டு திறக்காது.

வைரஸைக் கண்டறிய ஆராய்ச்சிக்கூடங்களில் உருவாகிவரும் மின்வேதியியல் கருவிகளிலும் இதே நியாயம்தான். மின்வாயின் மேல் மிக நுண்ணிய தங்கத் துகள்கள். அவற்றின் மேல் எதிர்ப்புப் புரதங்கள். டெங்கு கண்டவரின் இரத்தத்திலுள்ள ‘என்.எஸ்.1’ என்ற வைரஸ் புரதம் அங்கே சாவிபோல் பொருந்தினால் மின்னோட்டம் மாறும். உடல் தன் எதிர்ப்புப் பொருளைக் காட்ட நாலைந்து நாளாகும். இந்தப் புரதமோ காய்ச்சலின் தொடக்கத்திலேயே தெரியும்.

மின்வேதியியலுக்கென்றே காரைக்குடியில் 1953-இல் ஓர் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. அதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்தவர் அழகப்பச் செட்டியார். இப்படித் தானத்தில் வளர்ந்த அறிவு தெருவுக்கு வந்ததும் என்ன ஆகிறது?

2020-இல் கொரோனா கண்டவர்களின் வீட்டு வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள். ஊரைக் காக்கவே ஒட்டினார்கள். தெரு அதைத் தீர்ப்பாகப் படித்தது. சட்டப்படி தனி உத்தரவின்றி ஒட்டக்கூடாது என்று அந்த டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்ல நேர்ந்தது.

ஊரைக் காக்க வேண்டாமா என்பீர்கள். வேண்டும். ஆனால் அவமானத்துக்கு அஞ்சுகிறவன் பரிசோதனைக்கே வரமாட்டான். அப்போது ஊரும் காக்கப்படாது.

கருவிக்குத் தெரிந்தவை ‘உண்டு’, ‘இல்லை’ என்ற இரண்டே சொற்கள். ‘குற்றவாளி’ என்ற மூன்றாவது சொல்லைச் சேர்ப்பவர்கள் நாம். பிறன் நோயை முந்தி அறிகிறவனுக்கு முந்தி உதவும் கடமையும் வந்துவிடுகிறது என்றே நான் நினைக்கிறேன். மருத்துவரும் கஞ்சியும் போகாத வீட்டுக்கு அறிவிப்பு மட்டும் போவது அறிவாகாது; பூட்டை உடைப்பதாகும்.