பொட்டலத்தின் பச்சைப் புள்ளி

ஹவுரா மாவட்டத்தின் சாந்த்ராகாச்சி சந்திப்பிலிருந்து சென்னைக்கு ரயில்கள் புறப்படுகின்றன. வழிக்கு வாங்கும் பிஸ்கட், சிப்ஸ் பொட்டலங்களில் அங்கும் இங்கும் சைவ உணவைக் குறிக்கும் ஒரே பச்சைப் புள்ளிதான். அந்தப் புள்ளி எல்லாருடைய விரதத்துக்கும் காவல் நிற்குமா?

வங்காளத்தில் மரபு வழுவாத இந்து விதவை மீன், இறைச்சியோடு வெங்காயம், பூண்டு, மசூர் பருப்பையும் விலக்குவார். வெங்காயத் தூள் தூவிய சிப்ஸில் பச்சைப் புள்ளி உண்டு. அவருக்கு அது ஆகாது. அதே மண்ணில், காளிக்குப் பலியிட்ட ஆட்டிறைச்சியை வெங்காயம், பூண்டு இல்லாமல் சமைத்துப் பிரசாதமாக உண்பவர்கள் அதை ‘நிராமிஷ்’, அதாவது சைவம், என்றே கொள்கிறார்கள். ஆசாரமான சமணருக்கோ உருளைக்கிழங்கே விலக்கு.

சட்டத்தின் கணக்கு வேறு. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டத்தின்கீழ் 2020-இல் வந்த லேபிள் விதிகளின்படி விலங்கு, பறவை, மீன், முட்டை, பூச்சி எதிலிருந்து வந்தாலும் அசைவம். பாலுக்கும் தேனுக்கும் விலக்கு உண்டு. நிறக்குறைபாடு உள்ளவர்களும் இனம் காணும்படி அசைவத்தைக் குறிக்கும் பழுப்பு வட்டத்தை முக்கோணமாக மாற்றியதும் அந்த விதிகள்தான்.

எது புனிதம் என்று சட்டம் தீர்ப்பளிக்க முடியாது, முயலவும் கூடாது. உள்ளே இருப்பதை ஒளிக்காமல் சொல்லவைப்பதே அதன் கடமை. 2021 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் இதைத்தான் வற்புறுத்தியது. இ631 என்ற சுவைகூட்டி இறைச்சியிலிருந்தோ மீனிலிருந்தோ வரலாம். மரவள்ளி மாவிலிருந்தும் வரலாம். எண்ணை மட்டும் அச்சிட்டால் வாங்குபவருக்கு என்ன தெரியும்? எவ்வளவு சிறிய அளவானாலும் மூலத்தைச் சொல்ல வேண்டும் என்றது நீதிமன்றம்.

தெரியாமல் உண்டால் பாவமா?

தனக்காகக் கொல்லப்பட்டதாகப் பார்க்காத, கேட்காத, சந்தேகிக்காத இறைச்சியைப் பிக்கு ஏற்கலாம் என்று ஜீவக சூத்திரத்தில் புத்தர் சொல்கிறார். திருக்குறளின் ‘புலால் மறுத்தல்’ அதிகாரமோ வாங்குபவரையும் கொலைக்குப் பொறுப்பாக்குகிறது. பாத்திரத்தில் விழுவதை ஏற்கும் துறவிக்கு அறியாமை ஒரு காப்பு. காசு கொடுத்து வாங்கும் குடும்பத்துக்கு அந்தக் காப்பு பொருந்தாது. இங்கே அறியாமையை உண்டாக்குபவர் தயாரிப்பாளர். அதன் பழியும் அவரையே சேரும்.

ஆகவே புள்ளியோடு நின்றுவிடக் கூடாது. இப்போதைய விதிப்படி விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும். வங்க மொழியோ தமிழோ மட்டும் படிக்கத் தெரிந்தவருக்கு அது எட்டாது. சேர்மானப் பட்டியலில் ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் ‘மீனிலிருந்து’, ‘மரவள்ளியிலிருந்து’ என்று, விற்கப்படும் மாநிலத்தின் மொழியில், முதியவர் கண்ணுக்கும் புலப்படும் எழுத்தில் அச்சாக வேண்டும். விதிகளை அடுத்துத் திருத்தும்போது உணவுப் பாதுகாப்பு ஆணையம் இதைக் கட்டாயமாக்க வேண்டும்.