நாளைய உடையும் இன்றைய மனமும்

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் இல்லறத்தார்க்கு இன்றியமையாதவை. இவற்றுள் உணவைப் பற்றி நாம் மிகுதியும் எண்ணியிருக்கிறோம். நீரை வடிகட்டிப் பருகுகிறோம். ஞாயிறு மறையுமுன் உண்கிறோம். கிழங்கு வகைகளை விலக்குகிறோம். உடையைப் பற்றி அவ்வளவு எண்ணியதில்லை. ஆயினும் நம் இல்லங்களில் காலைப் பொழுதின் அமைதி பெரும்பாலும் உடையால்தான் குலைகிறது. அலமாரி நிறையத் துணியிருந்தும் உடுத்த ஒன்றுமில்லை என்னும் குரல். சேலைக்குப் பொருந்தும் இரவிக்கை கிடைக்கவில்லை என்னும் சலிப்பு. பள்ளிப் பேருந்து வந்துவிட்டது என்னும் பதற்றம். அப்பதற்றத்தில் பிறக்கும் கடுஞ்சொல் ஒன்று போதும். வழிபாட்டில் நின்ற மனம் சிதறிவிடும்.

இதற்கு மாற்றாக, மறுநாள் உடையை முதல் நாளே எடுத்து வைக்கும் வழக்கத்தைப் பலர் மேற்கொண்டுள்ளனர். ஒரு வாரத்துக்கு வேண்டியதை ஞாயிற்றுக்கிழமையே தேய்த்து அடுக்கி வைப்போரும் உளர். இது வசதி என்பதில் ஐயமில்லை. அறத்தின் நோக்கில் இதன் இடம் யாது? நாளைய உடையை இன்றே எண்ணுவது பற்றைக் குறைக்குமா, வளர்க்குமா? இவ்வினாவை இங்கு ஆராய்வோம்.

கடற்கரை காட்டும் சான்றுகள்

இராமநாதபுரம் மாவட்டக் கடலோரப் பள்ளிகளில் நெடுங்காலம் பணியாற்றிய நமக்கு, உடையை முன்கூட்டியே எண்ணி வைப்போர் மூவகையினரைக் காணும் வாய்ப்புக் கிடைத்தது.

முதல் வகையினர், பாம்பனை அடுத்த சின்னப்பாலம் முதலிய ஊர்களில் கடற்பாசி சேகரிக்கும் பெண்கள். சேலையின்மேல் ஆண்கள் அணியும் சட்டையை அணிந்துகொள்வர். பாறை கீறாதிருக்க விரல்களில் துணிக்கீற்றைச் சுற்றிக்கொள்வர். கடல் நீரில் கண் திறந்து பார்க்கக் கண்ணாடி ஒன்று. அவர்கள் உடையில் காட்சிக்கென ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றும் ஒரு பயனுக்கு உரியது. புறப்படும் நேரத்தைக் கடலே வகுப்பதால் எல்லாம் முன்னரே ஆயத்தமாக இருக்கும். பாசி மீண்டும் வளர இடம் தரவேண்டும் என்று, மாதத்தில் 12 நாள்கள் மட்டுமே கடலில் இறங்குவது என அவர்களே வரம்பு கட்டிக்கொண்டதும் நாம் மதிக்கத்தக்கது.

இரண்டாம் வகையினர் இராமேசுவரம் வரும் பயணிகள். அக்கினி தீர்த்தக் கடலில் நீராடியபின், கோயிலினுள் 22 தீர்த்தங்களிலும் உடுத்த உடையோடே நனைவர். பின்பு உலர்ந்த உடைக்கு மாறியே சன்னதிக்குச் செல்லவேண்டும். மாற்றுடையை ஒரு பையில் மடித்து எடுத்து வந்தவர் அமைதியாகச் செல்வர். மறந்து வந்தவர் அவ்வேளையில் கடை தேடி அலைவர். நனைந்த உடையைக் கடலிலேயே விட்டுச் செல்லும் வழக்கமும் சிலரிடம் உண்டு. உடையோடு வினையும் நீங்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. பிறர் நம்பிக்கையைப் பழிப்பது அநேகாந்தம் கற்ற நமக்கு அழகன்று. எனினும் அத்துணிகள் நீர்வாழ் உயிர்களுக்கு இடராகின்றன. அவற்றை அகற்றும் சுமை துப்புரவுத் தொழிலாளர்மேல் விழுகிறது. எறிதல் வேறு, துறத்தல் வேறு. புதியது வாங்க இடம் வேண்டிப் பழைய துணியை வெளியே எறியும் நம் வழக்கத்தையும் இதனோடு வைத்து எண்ணுதல் தகும்.

மூன்றாம் வகையினர் பள்ளிப் பிள்ளைகள். செல்வர், வறியர் என்னும் வேற்றுமை வகுப்பறையில் தெரியலாகாது என்பதற்காகவே, காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் பள்ளிச் சீருடை ஊக்குவிக்கப்பட்டது. ஒரே சீருடையை வைத்திருந்த பிள்ளைகள் அதனை இரவில் துவைத்து உலர்த்துவர். கடற்காற்றின் ஈரத்தில் துணி எளிதில் உலராது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சொல்லவே வேண்டா. அடுப்பருகே உலர்த்திய புகை மணம் மாறாமல் அப்பிள்ளைகள் வகுப்புக்கு வருவர். எதை உடுத்துவது என்னும் குழப்பம் அவர்களுக்கு இல்லை. அதனை எளிய வாழ்வு என்று போற்றுவது பொருந்தாது. வறுமை கட்டும் எல்லை விரதமாகாது. தெரிவு உடையவன் தானே கட்டிக்கொள்ளும் எல்லையே விரதமாகும்.

ஆசாரியர் வகுத்த அளவு

அத்தகைய எல்லையைச் சமந்தபத்திர ஆசாரியர் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் தெளிவுற வகுத்துள்ளார். ஒருமுறை துய்த்து விடப்படுவது போகம். மீண்டும் மீண்டும் துய்க்கப்படுவது உபபோகம். முன்னதற்கு உணவும் பின்னதற்கு உடையும் அவர் காட்டும் எடுத்துக்காட்டுகள். இவற்றுக்கு அளவு செய்துகொள்வது போகோபபோக பரிமாண விரதம். வாழ்நாள் முழுமைக்கும் ஏற்பது யமம். கால எல்லையோடு ஏற்பது நியமம். இன்று, ஓர் இரவு, ஒரு பக்கம், ஒரு திங்கள், ஒரு பருவம் என அக்கால எல்லைகளையும் அவர் எண்ணிக் காட்டுகிறார்.

ஆகவே, “இன்று இத்தனை உடைக்கு மேல் உடுத்தேன்” என்று காலையில் நியமம் கொள்ளும் சிராவகர், உடையை முன்கூட்டியே தீர்மானித்தவர் ஆகிறார். இந்த ஏணியின் மேற்படிகளும் நாம் அறிந்தவையே. க்ஷுல்லகருக்குக் கோவணமும் சிறு மேலாடையும். ஐலகருக்குக் கோவணம் மட்டும். முனிவருக்கு அதுவும் இல்லை. மறுநாள் உடையை எடுத்து வைக்கும் இல்லறத்தார் நிற்பது மிகக் கீழ்ப்படியே ஆயினும், ஏணி ஒன்றுதான்.

உடையில் தெரிவைக் குறைத்துக்கொண்டோர் உலகில் பிறரும் உளர். அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த பராக் ஒபாமா, தாம் எடுக்கவேண்டிய முடிவுகளைக் குறைப்பதற்காகச் சாம்பல் அல்லது நீல நிற உடைகளையே அணிவதாக 2012-இல் வெளிவந்த ஒரு நேர்காணலில் கூறினார். நம் மதுரையில் 1921 செப்டம்பர் 22 அன்று காந்தியடிகள் அரையாடைக்கு மாறினார். முழு உடைக்கு வழியற்ற ஏழை மக்களின் நிலையே அதற்குக் காரணம். முன்னவர் மனத்தின் ஆற்றலைச் சேமித்தார். பின்னவர் ஏழையோடு தம்மை ஒன்றாக்கிக்கொண்டார். விரதம் ஏற்ற சிராவகரோ தம் ஆசையை அளக்கிறார். புறச்செயல் ஒத்திருப்பினும் பாவனை வேறு. பாவனைக்கு ஏற்பவே வினைப்பயன் அமைகிறது.

நிதானம் என்னும் இடர்

இங்கு ஒரு தடை எழலாம். ஆர்த்த தியானம் நான்கு வகை என்று தத்துவார்த்த சூத்திரம் கூறுகிறது. அவற்றுள் ஒன்று நிதானம். வழக்கில் இச்சொல் பொறுமையைக் குறிக்கும். நூலில் அது வரவிருக்கும் இன்பத்தை நாடி ஏங்குவதைக் குறிக்கும். நாளை உடுத்தப் போவதை இன்றே எண்ணுவது இந்த நிதானம் ஆகாதா எனின், ஆகவும் கூடும். உறவினர் திருமணத்துக்கு இரண்டு திங்களுக்கு முன்பே, எவ்வேளைக்கு எச்சேலை, மற்றவர் உடுத்துவதை அது விஞ்சுமா என்று நாள்தோறும் பேசுவதும் திட்டமிடலே. ஆனால் அத்திட்டம் மனத்துக்கு ஓய்வு தருவதில்லை.

எனவே இரண்டையும் பிரித்தறிய ஓர் உரைகல் வேண்டும். எடுத்து வைத்தபின் எண்ணம் ஓய்ந்ததா, வளர்ந்ததா? இவ்வொரு வினாவே போதும். ஆசிரியப் பயிற்சியில் மறுநாள் பாடத்துக்கு முதல் நாளே பாடக்குறிப்பு எழுதப் பழக்கினர். குறிப்பேடு அழகாக இருக்கவேண்டும் என்பது அதன் நோக்கமன்று. எழுதி முடித்த ஆசிரியரின் கண் மறுநாள் நூலில் நில்லாது பிள்ளையின் முகத்தில் நிற்கும் என்பதே நோக்கம். உடைத் திட்டமும் அவ்வாறே. மடித்து வைத்தவுடன் அதனை மறந்து மனம் சாமாயிகத்தில் நிற்குமாயின் அது அறத்துக்குத் துணை. மீண்டும் மீண்டும் எடுத்துக் கண்ணாடி முன் பார்க்கத் தூண்டுமாயின் அது பற்றுக்கு உணவு.

எவர்க்கு எளிமை?

மற்றொன்றும் கருதத்தக்கது. ஐவர் உள்ள இல்லத்தில் ஐவர்க்கும் தாயே இரவில் துணி தேய்த்து வைத்தால், நால்வரின் காலை எளிதாகிறது. ஒருத்தியின் இரவு நீள்கிறது. தம் சுமையைப் பிறர்மேல் ஏற்றிப் பெறும் எளிமையை எளிமை என்று சொல்ல இயலாது. பத்து வயதுப் பிள்ளை தன் உடையைத் தானே மடித்து வைக்க இயலும். தந்தையர்க்கும் இயலும்.

இனி, செய்யத்தக்கவை சில. உடையைப் பகலொளியிலேயே எடுத்து வைப்போம். மடிப்புகளில் எறும்போ சிலந்தியோ இருப்பின் மெல்ல உதறி விடுவிக்க ஒளி வேண்டும். விளக்கு வெளிச்சத்தில் அவசரமாக எடுத்தால் அறியாமலே உயிர்க்கொலை நேரும். ஆண்டுக்கு ஒருமுறை துணிகளை எண்ணுவோம். ஓராண்டு உடுத்தாததை, நைந்துபோகுமுன்பே, துவைத்துத் தேவையுள்ளவர் கையில் சேர்ப்போம். வாங்கும்போதே ஆராய்வோம். பட்டுக்கென எத்தனை புழுக்கள் கூட்டோடு வெந்நீரில் மாள்கின்றன என்பதை அறிந்தும், திருமணம் என்றால் நாம் பட்டையே நாடுகிறோம். பரமக்குடி, எமனேசுவரம் நெசவாளர் கைத்தறியில் நெய்யும் பருத்திச் சேலை மங்கல நாளுக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

தசலட்சண பருவத்தின் பத்து அறங்களுள் ஒன்பதாவது உத்தம ஆகிஞ்சன்யம். எனது என்று ஒன்றும் இல்லை என்னும் நிலை. அந்நிலை நெடுந்தொலைவில் உள்ளது. எனினும் வரும் பருவத்தில் பத்து நாள்களுக்கு ஒரு சிறு நியமம் கொள்வோம். பத்து நாளுக்கும் உரிய உடைகளை முதல் நாளே எண்ணி ஒதுக்குவோம்; அவற்றின்மேல் ஒன்றும் எடுப்பதில்லை, புதிதாக வாங்குவதும் இல்லை எனத் துணிவோம். மிஞ்சும் காலைப் பொழுதை வீட்டிலுள்ளோர் அனைவரும் கூடி வழிபாட்டுக்கு அளிப்போம். பதினோராம் நாள் அலமாரியைத் திறக்கும்போது, அதிலுள்ளவற்றில் எவ்வளவு நமக்கு வேண்டியதில்லை என்பது நமக்கே விளங்கும்.