மூணு வருஷம்தானே

2024-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கல்லூரி நண்பன் கூப்பிட்டான். கிண்டியில் எங்களுக்கு ஒரே ஹாஸ்டல். அவன் மைனிங், நான் கம்ப்யூட்டர் சயின்ஸ். ராஜஸ்தானில் ஒரு துத்தநாகச் சுரங்கத்தில் பத்து வருஷத்துக்கு மேல் காற்றோட்டப் பிரிவில் இருந்தவன்.

"ஒரு ஆஃபர் வந்திருக்குடா. இந்தோனேசியா. தெம்பகபுரான்னு ஒரு ஊரு. வீடு, ஸ்கூல், ஆஸ்பத்திரி, வருஷா வருஷம் டிக்கெட், எல்லாம் கம்பெனியே பார்த்துக்கும். மூணு வருஷம்தானே. வீட்டு லோன் முடிஞ்சிடும்."

பின்னாலிருந்து அவன் மனைவியின் குரல் கேட்டது. "அங்க போய் நான் என்ன பண்றதுன்னு கேளுங்கண்ணா." அவர் பள்ளி ஆசிரியை. கணவரின் வேலையைச் சார்ந்த விசாவில் போகிறவருக்கு அந்த நாட்டில் வேலை செய்ய அனுமதி இல்லை.

போனை வைப்பதற்கு முன் அவன் கேட்டான்: "நீதான் கண்டதையும் படிக்கிற ஆளாச்சே. சொல்லு, போறது தப்பா?"

"குடும்பத்துக்காகப் போற, இதுல என்ன தப்பு" என்று ஏதோ சொல்லி வைத்தேன். அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலைத்தான் இப்போது தாமதமாக எழுதுகிறேன்.

ஊரின் பெயர் கேட்டதுமே நம்மூர்ப் பெயர் மாதிரி ஒலித்தது. காரணம் இருக்கிறது. தெம்பகா என்றால் செம்பு. புரா என்பது நம் புரம்தான். 1973-ல் சுரங்கத்தைத் தொடங்கிவைக்க வந்த அதிபர் சுகார்த்தோ வைத்த பெயர் அது. பப்புவாவின் நடு மலைத்தொடரில், ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில், ஒரு குறுகலான பள்ளத்தாக்குக்குள் செருகி வைத்த மாதிரி இருக்கிறது ஊர். மழையும் மேகமும் விலகுகிற நேரம் குறைவு. கீழே துறைமுகத்திலிருந்து சதுப்புநிலத்தையும் காட்டையும் கடந்து, மலைமுகடுகளில் ஏறி, குகைப்பாதைக்குள் நுழைந்து ஒரே ஒரு சாலை வருகிறது. அந்தச் சாலையில் இடங்களுக்கு மைல் கணக்கில்தான் பெயர். தெம்பகபுராவின் இன்னொரு பெயர் மைல் 68. மைல் 74-ல் தாதுவை அரைக்கும் ஆலை. அரைத்த தாது கூழாகி, குழாய் வழியே நூறு கிலோமீட்டருக்கும் மேல் கீழிறங்கிக் கப்பலேறுகிறது. ஓர் ஊருக்கு அது துறைமுகத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பதையே பெயராக வைத்தால், அது எதற்காக இருக்கிறது என்று வேறு விளக்கம் தேவையில்லை.

அந்தப் பள்ளத்தாக்குக்கு முன்பே ஒரு பெயர் இருந்தது. அங்கு வாழும் அமுங்மெ மக்கள் அதை வா என்பார்கள். மேலே இருக்கும் மலை அவர்களுக்குத் தாய். பனி படிந்த சிகரம் அவள் தலை. அமெரிக்காவின் ஃப்ரீபோர்ட் நிறுவனம் இந்தோனேசிய அரசோடு ஒப்பந்தம் போட்டது 1967-ல். பப்புவா எந்த நாட்டோடு சேரும் என்பதை முடிவு செய்வதாகச் சொல்லி, தேர்ந்தெடுத்த ஆயிரத்துச் சொச்சம் பேரை மட்டும் வைத்து ஒரு வாக்கெடுப்பு நடந்தது 1969-ல். அதாவது நாடு யாருடையது என்று தீர்மானம் ஆவதற்கு இரண்டு வருஷம் முன்பே மலை கைமாறிவிட்டது. அமுங்மெக்கள் தங்கள் வழக்கப்படி, இதைத் தாண்டி வராதீர்கள் என்று குச்சிகளைக் குறுக்காக நட்டு எல்லை காட்டினார்கள். வந்தவர்கள் அதைத் தாண்டிப் போனார்கள். 1974 ஜனவரியில் ஓர் உடன்படிக்கை ஆனது. பள்ளி, மருத்துவமனை, சந்தைக் கட்டடம் மாதிரியான வாக்குறுதிகளுக்குப் பதிலாக மலை மீதான உரிமை போனது. குச்சி நட்ட எல்லை போய், சோதனைச்சாவடி எல்லை வந்தது.

அந்தச் சோதனைச்சாவடிக்கு உட்புறம்தான் குடும்ப வாழ்க்கை. பேரங்காடி, பள்ளி, உடற்பயிற்சிக்கூடம், பள்ளிவாசல், தேவாலயம். ஆரம்ப வருஷங்களில் வந்தது பெரும்பாலும் அமெரிக்கக் குடும்பங்களும் ஆஸ்திரேலியக் குடும்பங்களும். பிறகு 1995-ல் சமவெளியில் திமிகா பக்கம் குவாலா கென்சானா என்ற இன்னொரு நகரியத்தை, புல்வெளியும் மின்கம்பி கண்ணில் படாத தெருக்களுமாக, காட்டுக்கு நடுவே கட்டினார்கள். இன்று வெளிநாட்டவர் எண்ணிக்கை சிறியது. வேலை செய்பவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தோனேசியர். அவர்களிலும் பலர் ஜாவாவிலும் சுலவேசியிலும் குடும்பத்தை விட்டுவிட்டு வந்து விடுதியில் தங்குபவர்கள். மலையில் குடும்பத்தோடு வாழ்வது என்பது ஒரு பதவியின் அடையாளம்.

நிறுவனங்கள் இவ்வளவு செலவு செய்து ஏன் குடும்பத்தைக் கொண்டுவருகின்றன? தனியாக வந்தவன் ஒருநாள் வெறுத்துப்போய்க் கிளம்பிவிடுவான். குழந்தைக்கு அரையாண்டுத் தேர்வு இருக்கிறவன் கிளம்ப மாட்டான். சுரங்கத்தில் கூரை இறங்காமலிருக்க முட்டுக் கொடுப்பார்கள். குடும்பமும் அப்படி ஒரு முட்டுதான். இதைச் சதி என்று சொல்ல வரவில்லை. அந்த வீடுகளில் நிஜமான அன்பு இருக்கும், நிஜமான பிறந்தநாள்கள் இருக்கும். கேள்வியைக் கடினமாக்குவதே அதுதான். பேராசைக்காரன் ஒருவன் அங்கே போனால் தீர்ப்புச் சொல்வது சுலபம். நல்ல அப்பா ஒருவன் போனால்?

இன்னொரு விஷயம். கிராஸ்பெர்கின் பிரம்மாண்டமான திறந்தவெளிக் குழியில் தோண்டுவது 2019-ல் முடிந்தது. அதன்பின் எல்லாம் நிலத்தடியில். அங்கே செய்வதை பிளாக் கேவிங் என்பார்கள். தாதுப்பாறைக்கு அடியில் போய் அதன் ஆதாரத்தை அறுத்துவிட்டால், பாறை தன் எடையிலேயே நொறுங்கி இறங்கும். கீழே நின்று அள்ளிக்கொள்ளலாம். வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பச்சை மலை, மேகம், பள்ளிக்கூட பஸ்.

அரைத்து மிஞ்சிய சேறு ஒரு நாளைக்கு 2,00,000 டன்னுக்கும் மேல் என்ற கணக்கில் ஆற்றில் விடப்பட்டு வந்தது. அது போய்ப் படிவது சமவெளியில், கமோரோ மக்கள் மீன் பிடித்து, சாகோ எடுத்து வாழ்ந்த இடங்களில். அதுவும் மைல் 68-லிருந்து தெரியாது.

அதே மலையில் இன்னொரு தாயும் இருந்தார். அமுங்மெ பெண்ணான யோசெபா அலோமாங். 1994-ல் ராணுவம் அவரைப் பிடித்துப்போய் மலநீர் தேங்கிய அறையில் அடைத்து வைத்தது. வெளியே வந்தவர் விடாமல் போராடினார். 2001-ல் அவருக்குக் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. பிள்ளைகளுக்கு நல்ல பள்ளி, நல்ல தண்ணீர், பயமில்லாத ராத்திரி வேண்டும் என்றுதான் வேலிக்கு இருபுறமும் அம்மாக்கள் நினைத்திருப்பார்கள். ஒரு பக்கத்து அம்மாவுக்கு அது சம்பளத்தோடு சேர்ந்து வந்தது.

2002 ஆகஸ்ட் 31 அன்று, அந்த ஒற்றைச் சாலையில், நகரியத்தின் சர்வதேசப் பள்ளி ஆசிரியர்கள் வந்த வண்டிகள் மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. இரண்டு அமெரிக்கர்களும் ஓர் இந்தோனேசியரும் செத்துப்போனார்கள். காயம்பட்டவர்களில் ஒரு ஆறு வயதுக் குழந்தையும் உண்டு. அவர்கள் யாரும் மலையைத் தோண்டியவர்கள் இல்லை. பாடம் நடத்தியவர்கள். நியாயம் எதுவாக இருந்தாலும் அந்தக் கொலையை அதில் சேர்க்க முடியாது. ஆனால் இதைப் படித்தபோது எனக்கு ஒன்று புரிந்தது. 'நான் தோண்டவில்லை, என் மனைவி தோண்டவில்லை, குழந்தைக்கு ஒன்றும் தெரியாது' என்பதெல்லாம் உண்மைதான். அந்த உண்மையை வைத்து, அந்த இடத்துக்கும் நமக்கும் சம்பந்தமில்லை என்று வாதாட முடியாது. குற்றம் வேறு, சம்பந்தம் வேறு.

நண்பனிடம் ஒரு மாதம் கழித்து இதில் பாதியைச் சொன்னேன். கோபம் வந்துவிட்டது அவனுக்கு. "உன் லேப்டாப்ல செம்பு இல்லையா? வீட்டு ஒயர்ல இல்லையா? நான் போகலைன்னா இன்னொருத்தன் போவான். மலை அப்படியே நின்னுடுமா?"

நியாயமான கேள்விகள். என் லேப்டாப்பிலும் செம்பு இருக்கிறது. அதனால் கடன் எனக்கும் உண்டு என்றாகிறதே தவிர, அவனுடைய கடன் எப்படித் தீரும்? நாலு பேர் சேர்ந்து சாப்பிட்ட ஓட்டல் பில், நாலு பேர் சாப்பிட்டார்கள் என்பதாலேயே தள்ளுபடி ஆவதில்லை.

நான் அவனைவிட ஒன்றும் மேல் இல்லை. ஆன்சைட்டில் 'இன்னும் ஆறு மாசம்தான்' என்று சொல்லியே நாலு வருஷம் ஓட்டியவன். எதிர்வீட்டுக் கிழவரின் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. எப்படியும் கிளம்பப்போகிறோம், எதற்கு என்ற எண்ணம். அந்த எண்ணத்தைத்தான் இங்கே உரசிப் பார்க்க விரும்புகிறேன்.

நம்மூரில் வாடகை வீட்டுக்குப் போனால் ஓனர் முதலில் சொல்வது, சுவரில் ஆணி அடிக்காதீங்க. காலி செய்யும்போது வெள்ளையடிக்க அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார். எரிச்சலாக இருந்தாலும் அதில் ஓர் அறம் இருக்கிறது. தற்காலிகமாக இருப்பவனுக்குத்தான் கூடுதல் கவனம் விதிக்கப்படுகிறது, ஏனென்றால் பின்விளைவோடு அவன் வாழப்போவதில்லை. 'மூணு வருஷம்தானே' என்ற சொல் இதைத் தலைகீழாக்குகிறது. கொஞ்ச நாள் இருப்பதால் பொறுப்பும் கொஞ்சம் என்கிறது. அதோடு, நகரியத்தில் ஓனர் யார் என்பதே குழப்பம். குடும்பத்தை விருந்தினர் மாதிரி நடத்துவது கம்பெனி. கம்பெனியே அங்கே வந்தேறிதான். விருந்தாளி வீட்டுக்கு விருந்தாளியாகப் போனால், வீட்டுக்காரரைப் பார்க்காமலே சாப்பிட்டு எழுந்துவிடலாம்.

உண்மையில் தற்காலிகம் என்பது யாருடையது? இதற்கு என் நண்பனின் வீட்டுக்குள்ளேயே பதில் இருந்தது. அவன் தாத்தா குடியாத்தம் பக்கத்திலிருந்து கோலார் தங்கவயலுக்குப் போனவர். அங்கேயும் இதே வரைபடம். 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனி, ஆங்கிலேயக் குடும்பங்களுக்கு பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம். தமிழ்த் தொழிலாளிகளுக்கு வரிசை வரிசையாக லைன் வீடுகள். இரு தரப்புமே வந்தவர்கள்தான், இரு தரப்புமே கொஞ்ச காலம் என்றுதான் வந்தார்கள். 1956-ல் சுரங்கம் அரசுடைமை ஆனது, துரைமார் கிளம்பினார்கள். 2001 பிப்ரவரியில் சுரங்கமே மூடப்பட்டது. லைன் வீட்டுக்காரர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் சயனைடு மண்மேடுகளுக்குப் பக்கத்தில் குடியிருந்து, விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறார்கள்.

ஆக, தற்காலிகம் என்பதைக் காலத்தால் அளக்க முடியாது. கிளம்ப நினைத்தால் கிளம்ப முடிகிற வசதிக்குத்தான் அந்தப் பெயர். 2020 மார்ச்சில் தெம்பகபுராவைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து, மோதலுக்குப் பயந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் திமிகாவுக்கு இறங்கினார்கள். அவர்களும் கிளம்பியவர்கள்தான். ஆனால் அவர்கள் விட்டுவந்தது வீட்டை, நம் ஆட்கள் விட்டுவருவது குவார்ட்டர்ஸை.

அப்படியென்றால் போகக் கூடாதா? அப்படிச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. வீட்டுக் கடன் நிஜம், பிள்ளையின் படிப்பு நிஜம். போகலாம். ஆனால் அந்த 'தானே'வை இங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். பள்ளத்தாக்கின் பழைய பெயர் தெரிந்திருக்க வேண்டும். குழாயில் போவது எங்கே போய் விழுகிறது என்று பார்க்க வேண்டும், வேலை நேரத்தில் கையெழுத்துப் போடுகிற காகிதங்களில் அந்த ஞாபகம் இருக்க வேண்டும். குழந்தை வேலியைக் காட்டி "அந்தப் பக்கம் யாருப்பா?" என்று கேட்டால், "யாருமில்ல" என்று சொல்லக் கூடாது. இது மலையைக் காப்பாற்றாது, தெரியும். பொய் இல்லாமல் அங்கே வாழ்வதற்கான குறைந்தபட்சம் இதுதான்.

நண்பன் கடைசியில் போகவில்லை. காரணம் இதெல்லாம் இல்லை. அம்மாவுக்கு இதய அறுவை சிகிச்சை, விட்டுவிட்டுப் போக முடியவில்லை. ஆஃபர் காலாவதியானது.

2025 செப்டம்பர் 8 அன்று கிராஸ்பெர்க் நிலத்தடியில் ஈரச்சேறு திடீரென்று உடைத்துக்கொண்டு பாய்ந்தது. ஏறத்தாழ 8,00,000 டன் என்று நிறுவனமே சொன்னது. ஏழு பேர் சிக்கினார்கள். ஐந்து பேர் இந்தோனேசியர், ஒருவர் சிலேக்காரர், ஒருவர் தென்னாப்பிரிக்கர். கடைசி உடலை எடுக்க அக்டோபர் ஆகிவிட்டது. ஒருவரும் பிழைக்கவில்லை.

அன்றிரவு அவன் கூப்பிட்டான். "தப்பிச்சேன்டா" என்றான். எனக்கும் முதலில் வந்தது நிம்மதிதான். பிறகு ரெண்டு பேருமே கொஞ்ச நேரம் பேசவில்லை.

"நான் போகலைன்னா இன்னொருத்தன் போவான்னு சொன்னேன்ல" என்றான். "அந்த இன்னொருத்தன் யாருன்னு நான் யோசிக்கவே இல்லடா. அவன் நல்லா இருக்கானா இல்லையான்னு இப்பவும் எனக்குத் தெரியாது."

அவன் மகள் பக்கத்தில் வந்து யாரிடம் பேசுகிறாய் என்று கேட்பது காதில் விழுந்தது. அப்புறம் கூப்பிடுறேன் என்று வைத்துவிட்டான்.