ஆயரின் விளக்குத்தண்டுகள்

தகுதியில்லாதவனுக்குக் கிடைத்த அருளை அவன் என்ன செய்வது? விக்டர் ஹியூகோ 1862இல் வெளியிட்ட ‘லே மிசரபிள்’ நாவல் இந்தக் கேள்வியை வாதமாக எழுப்புவதில்லை. இரண்டு வெள்ளி விளக்குத்தண்டுகளைக் கை மாற்றிக் கை மாற்றியே கேட்கிறது. சுத்தானந்த பாரதியாரின் ‘ஏழை படும் பாடு’ வழியாகத் தமிழ் வாசகருக்கும் பழகிய கதை இது.

தொடக்கத்தில் அவை ஆயர் மிரியேலின் மிச்சப் பற்று. வருமானத்தில் பெரும்பகுதியை ஏழைகளுக்குக் கொடுத்துவிடும் அவர், வெள்ளிக் கரண்டிகளையும் பாட்டி முறை உறவினர் விட்டுப்போன இந்தத் தண்டுகளையும் மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார். 1815 அக்டோபரில் ஜீன் வால்ஜீன் வந்து கதவைத் தட்டுகிறான். ரொட்டித் திருட்டில் தொடங்கி, தப்பியோட முயன்றதற்காகவும் சேர்த்து 19 ஆண்டுகள் தண்டனை அனுபவித்தவன், விடுதிகள் விரட்டிவிட்டவன். அவனுக்காகப் பணிப்பெண் அந்தத் தண்டுகளில் விளக்கேற்றி மேசைமேல் வைக்கிறாள். அன்றிரவு அவை விருந்தோம்பலின் ஒளி.

விடிவதற்குள் அந்த வெள்ளிக் கரண்டிகளோடு அவன் ஓடிவிடுகிறான். காவலர் பிடித்து வந்ததும், நான் கொடுத்தவைதான் என்கிறார் ஆயர்; விளக்குத்தண்டுகளை ஏன் விட்டுப்போனாய் என்று கேட்டு அவற்றையும் கையில் தருகிறார். இதைப் பொய் என்று எளிதில் தள்ளிவிட முடியாது. அந்த வெள்ளி ஏழைகளுடையது, தாம் வைத்திருந்ததே தவறு என்று காவலர் வருமுன்பே அவர் பணிப்பெண்ணிடம் சொல்லிவிட்டார். வால்ஜீன் திருடியது கரண்டிகளை. தண்டுகளை அவன் தொடவில்லை. திருடியதைப் பொறுப்பது மன்னிப்பு. திருடாததையும் சேர்த்துக் கொடுப்பது அருள். ஆனால் உன் ஆன்மாவை விலைக்கு வாங்கிவிட்டேன் என்றும் ஆயர் சொல்கிறார். அருள் இலவசம் என்பது கிறிஸ்தவக் கோட்பாடு. இங்கே கொடை கையோடு கடனாகவும் ஆகிறது.

அந்தக் கடனை வால்ஜீன் புரிந்துகொண்டிருக்கிறான். கரண்டிகளை விற்றுவிடுகிறான், தண்டுகளை விற்பதில்லை. பெயரை மாற்றிக்கொண்டு மேயராக உயர்ந்தபின், தன் பெயரால் வேறொருவன் தண்டிக்கப்படப் போகிறான் என்று தெரியவரும் இரவில் பழைய உடைகளையும் தடியையும் நெருப்பில் போடுகிறான். அந்த வெளிச்சம் பட்டுக் கணப்பின் மேலிருந்த தண்டுகள் மின்னுகின்றன. அவற்றையும் உருக்கிவிட எடுக்கிறான். ஒன்றால் கனலைக் கிளறவும் செய்கிறான். அப்போது உள்ளிருந்து ஒரு குரல் அவன் பெயரைச் சொல்லி அழைக்கிறது. தண்டுகளைத் திரும்ப வைத்துவிடுகிறான். பரிசாக வந்தவை இப்போது சாட்சிகள். அடுத்த நாள் நீதிமன்றத்தில் தானே வால்ஜீன் என்று அறிவிக்கிறான். நாவலின் மிக உயர்ந்த இடம் இதுதான்.

பிறகு அவன் அவற்றை மோன்பெர்மேய் காட்டில் பணப்பெட்டியோடு புதைத்துவைக்கிறான். கடைசியாக அவை வெளிவருவது 1833இல், பாரிஸில். கோடைக்காலம், நல்ல பகல் வெளிச்சம். இருந்தும் முதியவனாகிவிட்ட வால்ஜீன் அவற்றில் மெழுகுவர்த்தி செருகி ஏற்றுகிறான். முதல் இரவில் அவனுக்காகப் பிறர் ஏற்றியதை இப்போது அவனே ஏற்றுகிறான். சாகும் தறுவாயில், பாதிரியாரை அழைக்கவா என்று கேட்கப்பட்டபோது, ஒருவர் இருக்கிறார் என்று தலைக்கு மேலே சுட்டுகிறான். தண்டுகளை வளர்ப்பு மகள் கொசெத்துக்கு விட்டுச் செல்லும்போதும், தந்தவர் தன்னைப் பற்றி நிறைவடைந்திருப்பாரா என்ற ஐயம் அவனுக்குத் தீரவில்லை. அவன் இறந்து கிடக்கையில் அந்த இரு விளக்குகளின் வெளிச்சம் முகத்தில் விழுகிறது.